காதில் வெட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தோம்

ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தபந்தம், கோயில், கல்யாணம் போக ஒரு வாரம் மிஞ்சும். அந்த ஒரு வாரத்துக்கு எங்கே போவது என்பதுதான் பெர்லினில் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. மற்றவர்கள் அறை வாடகையைப் பார்ப்பார்கள், வெயிலைப் பார்ப்பார்கள். நானும் என் மகளும் அந்த ஊர்த் தெருவில் நாயும் மாடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்குப் பணக்காரத்தனமாகப் படலாம். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

காரணம் 2022-இல் நடந்தது. ஒரு கடற்கரை ஊரில் நான்கு நாள் தங்கினோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. விடுதிக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் ஒரு நாய் ஐந்து குட்டிகளோடு படுத்திருந்தது. தாய்க்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். காலைச் சாப்பாட்டில் மிஞ்சும் இட்லியை இவள் கொண்டுபோய் வைப்பாள். மூன்றாம் நாள் காலையில் போனால் படகின் அடியில் வெறும் மணல். விடுதிக்காரரிடம் கேட்டேன். “கெஸ்ட் கம்ப்ளெயின்ட் வந்துச்சு மேடம், வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு” என்றார். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை, நான் போன் செய்து கேட்ட அலுவலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. மகள் திரும்பி வரும் விமானம் வரைக்கும் அழுதாள். அடுத்த இரண்டு கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை. டென்மார்க் போனோம், போர்ச்சுகல் போனோம். அத்தை போனில், “நாய்க்காகவா தாயி வராம இருக்க?” என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

பெர்லினில் வளரும் பிள்ளைக்கு யாருமில்லாத நாய் என்ற ஒன்றே தெரியாது. அங்கே நாய் வைத்திருந்தால் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ மாநகருக்கு வரி கட்ட வேண்டும். கைவிடப்பட்ட நாயைக் கண்டால் கொண்டுபோய் விட ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்றான காப்பகம் நகரத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் நரி வழியாகப் பரவிய வெறிநோயும் ஒழிந்துவிட்டதாக 2008-இல் அறிவித்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைவிட மனசு பெரிது என்பதல்ல. பல காலமாகப் பணமும் சட்டமும் போட்டு வேலை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் பள்ளித்தோழி ஒருத்தி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். போன வருஷம் அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது ஒரே வரியில் சொன்னாள்: “கடலா மலையான்னு பார்க்காத. அந்த ஊரு நாயோட காதைப் பாரு.”

கருத்தடை அறுவை செய்த நாய்க்கு, மயக்கத்தில் இருக்கும்போதே காதில் சின்னதாக ஒரு வெட்டு போட்டுவிடுவார்கள். அதோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும். 2001-இல் வந்த விதி இது, 2023-இல் புதுப்பித்தார்கள். ஏன் அதே தெருவில் என்று நான் பல வருஷம் யோசித்ததுண்டு. ஒரு தெருவின் நாய்களை மொத்தமாக அள்ளினால் அங்கே கிடக்கும் எச்சில் சோறு அப்படியேதான் இருக்கும். ஊசி போடாத, பழகாத புது நாய்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். ஒரு பெட்டை நாய் சினையாக இருப்பது சுமார் 63 நாள், வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூட ஆகலாம். கணக்கு போட்டுப் பாருங்கள். நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, ஒரு ஊரில் காது வெட்டிய நாய்கள் நிறையத் தென்பட்டால் அங்கே யாரோ சில பேர் வருஷக்கணக்காக உழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2025-இல் எங்கள் பெர்லின் கோடை விடுமுறைக்கு அப்படிப் பார்த்துத்தான் நீலகிரியை எடுத்தோம். ஊட்டி அருகே வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்கள்கூட வந்து நாய்க் கருத்தடை அறுவை பழகும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. வேர்ல்டுவைடு வெட்டினரி சர்வீஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது.

தங்கும் இடத்துக்கு மூன்று பேரிடம் பேசினேன். முதல் இருவரும் நான் நாயைப் பற்றிக் கேட்டதும், பயந்து கேட்கிறேன் என்று நினைத்து, “தொல்லையே இல்லைங்க, எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டோம்” என்றார்கள். அந்த வார்த்தைக்காகவே வேண்டாம் என்றுவிட்டேன். கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு சேர்ந்த தங்குமிடம் வைத்திருக்கும் அம்மா மட்டும், “ரெண்டு நாய் இங்கயே கெடக்கும்மா. ஆபரேஷன் ஆயிடுச்சு, வருஷா வருஷம் ஊசி போட்டுருவோம். உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று தயங்கிக் கேட்டார். அங்கேயே முன்பணம் அனுப்பினேன்.

கிளம்பும் முன் பெர்லினில் மகளுக்கும் எனக்கும் வெறிநோய்க்கு முன்கூட்டியே போடும் மூன்று ஊசிகளையும் போட்டுக்கொண்டோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள். இது எங்களுக்கு எப்படி உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

சென்னையில் இரண்டே நாள். காதில் வெட்டுள்ள நாயும் பார்த்தோம், இல்லாததும் பார்த்தோம், இல்லாததுதான் அதிகம். 2018 கணக்கெடுப்பில் மாநகரில் சுமார் 57,000 தெருநாய்கள், 2024-இல் சுமார் 1.81 லட்சம். 1959-இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கும் ஊர் இது. தெருநாய்க்குக் கருத்தடை என்ற யோசனையை 1960-களிலேயே சொல்லிச் செய்துகாட்டியவர்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்த எண்ணிக்கை என்றால் வேலை எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று மனது கனத்தது.

அங்கிருந்து அத்தை வீடு. மதுரையிலிருந்து முக்கால் மணி நேரம். வாசலில் ஒரு செவலைப் பெட்டை படுத்திருந்தது. அத்தை தினமும் இரண்டு வேளை சோறு வைப்பதால் அதுவே அந்தத் தெருவுக்குக் காவல். பெயரும் செவலைதான். அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தது. கிட்டப் போனதும் வாடை தெரிந்தது. இடது காதின் அடியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு குழி, உள்ளே அரிசி நெளிவதுபோல் வெள்ளையாகப் புழு. நான்கு நாளாக அத்தை வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே இருந்த புழு விழுந்திருக்கிறது, ஆழத்தில் இருந்தது விழவில்லை.

இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த தம்பி சீட்டில் சாக்கை விரித்து, “ஏத்துங்கக்கா, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு” என்றார். என் துண்டால் வாயைக் கட்டி, அத்தை மடியில் தலையை வைத்துக் கொண்டுபோனோம். அரசு கால்நடை மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, நான்கு ஆடு. கம்பவுண்டர் பெரிய நோட்டைத் திறந்து கேட்டார்:

“உரிமையாளர் பேரு?”

நான் விழித்தேன். தெருநாய் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை தன் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயர், தெருப் பெயர் எல்லாம் சொன்னார். எட்டு வருஷம் வாசலில் கிடந்த நாய்க்கு அன்றைக்குத்தான் ஏட்டில் ஓர் ஆள் கிடைத்தது.

டாக்டர் அம்மா இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து ஸ்பிரிட் ஊற்றிய கிண்ணத்தில் போட்டார். அரை மணி நேரம் ஆனது. என் மகள் கண்ணை மூடவில்லை, அழவும் இல்லை, 62 வரை எண்ணினாள். ஊசி போட்டு, புண்ணுக்கு ஸ்ப்ரே கொடுத்து, புண் ஆறியதும் கருத்தடைக்குக் கூட்டிவரச் சொன்னார். கழுத்தில் மாட்டும் கூம்பு அங்கே இல்லை. பழைய பெயின்ட் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தைத் துணியால் சுற்றி கம்பவுண்டரே மாட்டிவிட்டார். கிராமங்களில் இப்படி ஒன்று என்றால் 1962-க்குக் கூப்பிடலாம், ஆடுமாடுகளுக்கு நடமாடும் மருத்துவ வண்டி வரும் என்றும் சொன்னார்கள்.

அந்த வாரம்தான், ஆகஸ்ட் 11, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தெருவில் பேச்சு சூடாக இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் பையனை வேறு தெருவில் ஒரு நாய் கடித்து, கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது. “உனக்கு என்ன, வந்துட்டுப் போயிருவ” என்று அவர் என்னிடம் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளை கடிபட்ட வீட்டில் போய் நாயின் பாவத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஊசி போடாத நாய் தெருவில் இருக்கக் கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. 22-ஆம் தேதி, கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்று உத்தரவைத் திருத்தினார்கள். அத்தை அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றார்.

மலை ஏறுவதற்கு முந்தின நாள் தெருவில் ஒரு குட்டி விளையாட்டில் மகளின் மணிக்கட்டைக் கீறி இரத்தம் வந்துவிட்டது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். பெர்லின் ஊசி அட்டையைப் பார்த்த டாக்டர், ஏற்கனவே போட்டிருப்பதால் இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று போதும், இம்யூனோகுளோபுலின் என்ற கூடுதல் மருந்து தேவையில்லை என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. இரண்டாவது ஊசியைச் சீட்டைக் காட்டி கோத்தகிரி அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டோம், அங்கும் இலவசம். இந்தச் சேவையை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும்.

நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் கட்டாயம். சிரமமில்லை. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில், பை இருக்கிறதா என்று வண்டியைத் துழாவினார்கள். எரிச்சல்பட்ட பயணிகளைப் பார்த்தேன். சாணியில் பாலித்தீன் பை தொங்கும் மாட்டைப் பார்த்தவள் நான், எனக்கு எரிச்சல் வரவில்லை.

கோத்தகிரியில் சாரல், குளிர். மகள் ஒரு நோட்டு போட்டு காது எண்ணினாள். ஐந்து நாளில் 41 நாய், வெட்டு உள்ளவை 33. தேநீர்க் கடை வாசலில், பேருந்து நிழற்குடையில், சாக்கின் மேல் சுருண்டு கிடந்தன. தோல் உரிந்தது ஒன்றுகூட இல்லை. எங்களைப் பார்த்து எழுந்து ஓடவில்லை. கல்லெறி பழகிய நாய் கை அசைந்தாலே பதறும், இவை பதறவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விடுமுறை தொடங்கியது.

எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஊட்டிப் பக்கம் ஒரு சுற்றுலா இடத்தில் சேணம் தேய்த்த புண்ணோடு குதிரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறவில்லை. குப்பைத் தொட்டியில் தலைவிட்ட மாடுகளும் உண்டு. ஆனாலும் ஐந்து நாளில் மகள் ஒருமுறைகூட “அம்மா, போயிடலாம்” என்று சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் அத்தை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். செவலைக்கு இடது காதடியில் முடி முளைத்துவிட்டது, வலது காதில் புது வெட்டு. அடுத்த கோடைக்கு அதே கோத்தகிரி வீட்டைப் பேசிவிட்டோம். இந்த முறை நீங்களும் வாங்கத்தே, ஐந்து நாள்தான் என்று கூப்பிட்டேன்.

“நான் வந்துட்டா அதுக்கு யாரு தாயி சோறு வைக்கிறது?” என்றார்.

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.