விமானப் பயணத்துக்குக் கிண்டில் பேப்பர்வைட்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

வேலூரிலிருந்து விமானம் ஏறுகிறவருக்குப் பயணம் சென்னையிலோ பெங்களூருவிலோ தொடங்குவதில்லை, வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னை விமான நிலையம் வரை சாலையில் மூன்று மணி நேரம். உள்நாட்டு விமானம் என்றால் இரண்டு மணி நேரமும் வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரமும் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் பறப்பதற்கு அரை நாளுக்கு மேல் கழிந்துவிடும். போன் சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் படிக்க வேண்டுமானால் தனியாக ஒரு மின்னூல் கருவி தேவை. இந்த வேலைக்கு அமேசானின் 12-ஆம் தலைமுறை கிண்டில் பேப்பர்வைட் மிகப் பொருத்தமானது. ஆனால் புறப்படுவதற்கு முன் வீட்டில் சில வேலைகளை முடிக்காவிட்டால், ஏறி உட்கார்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இது இந்தியாவுக்கு 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய் விலையில் வந்தது. 7 அங்குலத் திரை, 16 ஜிபி இடம், 211 கிராம் எடை. ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம், பக்கத்து இருக்கைக்காரர் மேல் முழங்கை இடிக்காது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுக்கும், மற்ற நேரத்தில் விளக்குக்குத்தான் செலவு. பேட்டரி 12 வாரம் வரும் என்று நிறுவனம் சொல்வது, தினம் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு 13-ஆம் அளவில் என்ற கணக்கில். கூட்டினால் 42 மணி நேரம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதிக்காரர்கள் ஐரோப்பா போய்த் திரும்பினாலும் நடுவில் சார்ஜ் தேவைப்படாது.

ஆனால் இந்தக் கணக்கு ஓரிடத்தில் பொய்த்துப்போகும். கிளம்புகிற இரவில் ஐம்பது, நூறு புத்தகங்களை மொத்தமாக ஏற்றினால், சொல் தேடுவதற்கான அட்டவணையை ஒவ்வொரு நூலுக்கும் கருவி உள்ளுக்குள் தயாரிக்கத் தொடங்கும். அது முடியும்வரை பேட்டரி மளமளவென்று இறங்கும், பக்கம் திருப்புவதும் மந்தமாகும். இரண்டு நாள் முன்பே ஏற்றி, சார்ஜரில் போட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம், முகப்பில் அட்டைப்படம் தெரிவதால் புத்தகம் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடுவது. வாங்கிய எல்லாப் புத்தகங்களின் அட்டையும் நூலகப் பகுதியில் தெரியும், இறக்கியவை மட்டும்தான் இணையம் இல்லாமல் திறக்கும். வீட்டில் இருக்கும்போதே வடிகட்டியில் ‘டவுன்லோடட்’ என்பதைத் தேர்ந்து, எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். பிறகு மேலிருந்து விரலால் இழுத்து ஏரோபிளேன் மோடைப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் எடுத்தவற்றுக்கும் இதே கதைதான்.

தமிழ் நூல்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழைய பிடிஎஃப்களில் சில, யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தில் இருப்பவை. அவற்றை மாற்றியில் போட்டு மின்னூலாக்கினால் எழுத்தெல்லாம் குளறுபடியாகும். அதே நூலின் யூனிகோட் பதிப்பு இருந்தால், அந்த எச்டிஎம்எல் கோப்பை எடுத்து ‘சென்ட் டு கிண்டில்’ வலைப்பக்கத்தில் ஏற்றுங்கள். பொதுவான மின்னூல் வடிவமான இபப் கோப்பையும் அங்கே ஏற்றலாம், ஒரு கோப்பு 200 எம்பி வரை போகும். யூஎஸ்பி வழியாக இபப்பை நேராகப் போட்டால் கருவி அதைக் காட்டாது. கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில், கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி ‘டாக்குமென்ட்ஸ்’ அடைவில் போட வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் இரு ஓரத்தையும் சமப்படுத்த முயன்று, சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். ‘ஏஏ’ மெனுவில் சீரமைப்பை இடப்பக்கத்துக்கு மாற்றினால் வரி ஒழுங்காகும். 6 அங்குலக் கருவியைவிட இந்த 7 அங்குலம் தமிழுக்கு நன்றாக இருப்பதற்கும் வரி நீளம்தான் காரணம்.

பாதுகாப்புச் சோதனையில் பையிலிருந்து எடுத்துத் தட்டில் தனியாக வைத்துவிடுங்கள். எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது. தட்டில் அதன் மேல் லேப்டாப்பை வைப்பதுதான் ஆபத்து. மின்தாள் (இ-இங்க்) திரைக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விடும். திரையில் பாதி உறைந்து நிற்கும், கோடுகள் ஓடும். இருக்கைப் பையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துச் செருகினாலும் இதே கதிதான். ஆகவே கெட்டியான மூடியுள்ள உறை கட்டாயம். பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள், கறுப்பு உறை இருக்கைப் பையின் இருட்டில் மறைந்துபோய் அங்கேயே தங்கிவிடும்.

விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் படிக்கலாமா என்று இன்னும் பலர் தயங்குகிறார்கள். படிக்கலாம். ஏரோபிளேன் மோடில் இருந்தால் பயணம் முழுவதும் கையடக்கக் கருவிகளைப் பயன்படுத்த 2014 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அனுமதி அளித்தது. அந்த நேரங்களில் லேப்டாப்பைத்தான் உள்ளே வைக்கச் சொல்வார்கள். இருந்தாலும் பணிப்பெண் அணைக்கச் சொன்னால் அணைத்தே ஆக வேண்டும். பெங்களூருவின் மார்கழிப் பனிமூட்டத்திலோ சென்னையில் போகிப் புகையிலோ, ஓடுபாதை தெரியாமல் விமானத்தின் கருவிகளை நம்பி இறக்கும்போது விமானி அப்படிக் கேட்கக்கூடும்.

அணைப்பதில்தான் இந்தக் கருவிக்கு ஒரு குழப்பம். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தூங்கப்போகும், ஆனால் திரையில் ஒரு படம் நின்றுகொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, இன்னும் ஓடுகிறது என்றுதான் நினைப்பார்கள். பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் வரும் பெட்டியில் ‘ஸ்கிரீன் ஆஃப்’ என்பதைத் தொடுங்கள், திரை வெறுமையாகும்.

அந்தப் பொத்தானை வைத்த இடம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கீழ் விளிம்பில், சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உணவு மேசையில் நிறுத்திப் படித்தால் எடை அதன்மேல் விழுந்து, பக்கத்தின் நடுவில் திரை தூங்கிவிடும். பக்கம் திருப்பத் தனிப் பொத்தான்களும் இல்லை. சாப்பாடு வந்த பிறகு எண்ணெய்க் கையால் திரையைத்தான் தொட வேண்டும்.

நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் இது தன் மதிப்பைக் காட்டும். விளக்குகளை அணைத்த பிறகு டார்க் மோடைப் போட்டு, மஞ்சள் ஒளியைக் கூட்டி, வெளிச்சத்தை 5-க்குக் கீழே இறக்குங்கள். மேலே உள்ள படிப்பு விளக்கு வேண்டாம், பக்கத்தில் தூங்குகிறவருக்கும் தொந்தரவில்லை. பகலில் ஜன்னலோர வெயில் நேராக விழுந்தாலும் எழுத்து மங்காது. டேப்லெட்டில் இது நடக்காது.

சார்ஜுக்குப் பவர் பேங்கை நம்பாதீர்கள். 2025-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் விமானத்துக்குள் பயணிகள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டன. கைப்பையில் எடுத்துப் போகலாம், சரக்குப் பெட்டியில் கூடாது. இருக்கையில் உள்ள யூஎஸ்பி துளைகளில் பல பழைய ஏ வகை. ஆகவே ஒரு முனை ஏ, மறுமுனை சி உள்ள கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும்.

கத்திரி வெயிலில் போகும்போது, வழியில் சாப்பிட நிறுத்தினால் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் சூடு பேட்டரியைக் கெடுக்கும்.

விஐடி மாணவர்கள் பாடப் பிடிஎஃப் படிக்க இதை வாங்க வேண்டாம். ஏ4 பக்கம் 7 அங்குலத்தில் சுருங்கும், வாய்பாடும் வரைபடமும் கண்ணைக் குத்தும், பெரிதாக்கி நகர்த்துவதற்குள் பொறுமை போய்விடும். வண்ண விளக்கப்படங்களோடு போகும் தோல் வியாபாரிகளுக்கும் கறுப்பு வெள்ளைத் திரை உதவாது. இவர்களுக்கு எடை இரட்டிப்பானாலும் 10 அங்குல டேப்லெட்தான் சரி. நாவல், கட்டுரை, சங்க இலக்கிய உரை என்று எழுத்தாகவே படிப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.