குச்சிக்கு இத்தனை சொற்களா!

மொழிபெயர்க்கும்போது ஸ்டிக் (stick), ராட் (rod), வாண்ட் (wand) எல்லாவற்றுக்கும் ‘குச்சி’ என்றே எழுதிவந்தேன். இந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி வந்த பிறகு கை தயங்குகிறது. வாண்ட், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்த சொல். வளைதல், சுற்றுதல் என்ற பொருளுள்ள வேரோடு உறவு. அப்படியென்றால் அது விளார், வளையும் மெல்லிய கிளை! ஸ்டிக் குத்துவதோடு சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டேவ் (stave). கைத்தடியைக் குறிக்கும் ஸ்டாஃப் (staff) என்பதன் பன்மை ஸ்டேவ்ஸ். அதிலிருந்து பிற்பாடு பிரித்தெடுத்த ஒருமைதான் இது. பீப்பாயின் வளைந்த பலகைக்கும் அதே பெயர். கம்பத்தைக் குறிக்கும் ‘போல்’ (pole) என்ற சொல் லத்தீனின் பாலுஸிலிருந்து வந்தது, அதாவது முளைக்கம்பு. துருவத்தைக் குறிக்கும் ‘போல்’ வேறு, கிரேக்க வழி. இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைத்திருப்பது அருமை.

எழுத்துதான் ரொம்பப் பொடி. உருப்பெருக்கி இல்லாமல் அடிக்குறிப்பைப் படிக்க முடியவில்லை. சரி, வாங்கலாமா? மொழிபெயர்ப்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள்.