மைக்ரோஸ்கோப்: நாலு பேர் கூடி ஒரு மாய உலகத்தைக் கட்ட

நாலு பேர் சேர்ந்து கற்பனை உலகம் ஒன்றை உருவாக்க உட்கார்ந்தால், கடைசியில் மிஞ்சுவது உரக்கப் பேசுபவரின் உலகம்தான். மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. பென் ராபின்ஸ் 2011இல் வெளியிட்ட ‘மைக்ரோஸ்கோப்’ என்ற கதை சொல்லும் ஆட்டம் இதற்குச் சரியான கடிவாளம். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம், மூன்று பேர் என்றால் உத்தமம். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் கிடையாது, பகடை கிடையாது, முன்தயாரிப்பும் கிடையாது. விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒருவர் படித்திருந்தால் போதும், ஆட்டத்தைத் தமிழிலேயே நடத்தலாம்.

தேவை பேனாவும் கார்டுகளும். இண்டெக்ஸ் கார்டு என்ற சிறு குறிப்பு அட்டை கிடைக்காவிட்டால் ஏ4 தாளை எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், அளவு ஏறக்குறைய அதேதான். மேசையைவிடத் தரை வசதி, ஏனென்றால் வரலாறு பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும்.

முதலில் உலகத்தின் கதையை ஒரே வரியில் சொல்ல வேண்டும். ‘காற்றை முடிச்சில் கட்டி விற்கும் தீவுகள் எழுந்து வீழ்கின்றன’ என்று வைத்துக்கொள்வோம். முடிவு முன்னாலேயே தெரிந்துவிடுகிறதே என்று சங்கடப்பட வேண்டாம், ஆட்டத்தின் ருசியே அதில்தான். அடுத்து தொடக்கக் காலகட்டம், இறுதிக் காலகட்டம் என்று இரண்டு கார்டுகள். பிறகு ‘பேலட்’ என்ற பட்டியல்: எதற்கு இடம் உண்டு, எதற்கு இல்லை.

மந்திரத்தின் தலையெழுத்து இந்தப் பட்டியலில்தான் தீர்மானமாகிறது. எல்லோரும் எப்படியும் எதிர்பார்க்கும் விஷயத்தை ‘உண்டு’ பக்கம் எழுதுவது வீண். மந்திரவாதிகள் உண்டு என்று எழுதி என்ன பயன்? எதிர்பாராததை ‘உண்டு’ பக்கமும், வந்துவிடும் என்று பயப்படுவதை ‘இல்லை’ பக்கமும் எழுதுங்கள். செத்தவரை எழுப்புவது இல்லை, தெய்வங்கள் நேரில் வருவது இல்லை. இந்த இரண்டு வரி போதும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதன்பின் ஆளுக்கொரு கார்டு வைத்து ஆட்டம் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் ‘லென்ஸ்’. அந்தச் சுற்று எதைப் பற்றியது என்பதை அவர்தான் சொல்வார். காலகட்டம், அதற்குள் அடங்கும் நிகழ்வு, நிகழ்வுக்குள் அடங்கும் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றை ஒவ்வொருவரும் சேர்க்க வேண்டும். லென்ஸ் மட்டும் சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆடுவார், ஒவ்வொரு முறையும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கார்டும் வைக்கலாம். சுற்று முடிந்ததும் இன்னொருவர், அதில் முளைத்த ஏதோ ஒன்றை ‘மரபு’ என்று பிடித்து ஒரு கார்டு போடுவார். மூன்று பேர் ஆடினால் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் ஏழு கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம் உண்டு: நல்லது என்றால் வெற்று வட்டம், கெட்டது என்றால் கறுப்பு.

முக்கியமான விதி: காட்சியை நடிக்கும் நேரம் தவிர, ஒருவர் முறை வரும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, யோசனை சொல்லவே கூடாது. புதியவர் திணறும்போது உதவக் கை பரபரக்கும். உதவினால் ஆட்டம் கெட்டது, உலகம் மறுபடி உரக்கப் பேசுபவரிடம் போய்விடும்.

மந்திரத்தின் விலையை இங்கே யாரும் திட்டமிடுவதில்லை, அது தானாக முளைக்கிறது. ஒருவர் ‘முடிச்சு வணிகர்கள் செழித்த காலம்’ என்று வெற்று வட்டம் போடுகிறார். அடுத்தவர் அதன் கீழே ‘வடகரையில் மூன்று வருடம் காற்றே வீசவில்லை’ என்று கறுப்பு வட்டம் வைக்கிறார். விற்ற காற்று எங்கிருந்தோ எடுத்த காற்று என்பது அந்த நொடியில்தான் எல்லோருக்கும் உறைக்கிறது. உட்கார்ந்து விவாதித்திருந்தால் இது வந்திருக்காது.

காட்சிகளில்தான் பலர் சறுக்குவார்கள். ஒவ்வொரு காட்சியும் எல்லோரும் சேர்ந்து நடித்துக் கண்டுபிடிக்கும் ஒரு கேள்விக்குப் பதில், பதில் கிடைத்ததும் காட்சி முடிந்தது. ‘வணிகர் தலைவர் யார்?’ என்பது சப்பென்று முடியும். ‘மகள் வடகரையில் இருக்கிறாள் என்று தெரிந்தும் தலைவர் ஏன் கடைசி முடிச்சை விற்றார்?’ என்று கேட்டால் கேள்விக்குள்ளேயே பாதி வரலாறு அடங்கிவிடும். நடித்துக் காட்டக் கூச்சப்படுபவர்கள் இருந்தால், கேட்டவரே பதிலைச் சொல்லிவிடவும் விதி இடம் தருகிறது.

குறை என்று சொன்னால், மந்திரத்தின் வரலாறு கிடைக்கும், இலக்கணம் கிடைக்காது. முன்பின்னாகத் தாவி எழுதுவதால், ஐந்நூறு வருடம் முந்தைய ஒரு கார்டில் யாராவது விலையே இல்லாமல் புயலை வரவழைத்திருப்பார். ஏற்கெனவே வைத்த கார்டுக்கு முரணாக எதுவும் சேர்க்கக் கூடாது என்று நூல் சொல்கிறதே தவிர, கண்காணிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு தனிக் கார்டில் முடியும், முடியாது, விலை என்று மூன்று வரி எழுதி, எந்த நிகழ்விலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இது நூலில் இல்லாத ஒட்டுவேலைதான், ஆனாலும் இது இல்லாமல் அந்த உலகத்தில் பிறகு டி அண்ட் டி (‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’) போன்ற ஆட்டம் நடத்துவது கஷ்டம்.

2015இல் வந்த ‘மைக்ரோஸ்கோப் எக்ஸ்ப்ளோரர்’ துணைநூலில் ‘க்ரானிக்கிள்’ என்றொரு வகை உண்டு. ஒரே பொருளையோ ஊரையோ காலம் முழுக்கப் பின்தொடர்வது அது. மந்திரம் மட்டுமே குறி என்றால் அதுதான் பொருத்தம், ஆனால் மூலநூலும் கையில் வேண்டும். நிலப்படம் வரைந்து உலகம் கட்ட ஆசைப்படுபவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘த கொயட் இயர்’ பக்கம் போகலாம். மைக்ரோஸ்கோப்பில் வரைபடத்துக்கு வேலையே இல்லை.