காந்தச் சுருளா, மின்பட்டையா, காது மின்முனையா?

வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகள் போதிய பலன் தருவதில்லை. மண்டையைத் திறக்காமல் மூளையைத் தூண்டும் முறைகள் மீது அவர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பு. ஆனால் இத்தகைய கருவிகள் 'வலிப்பைக் கண்டறிந்து அடக்கும்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். கண்டறிவது ஒரு வேலை, அடக்குவது வேறு வேலை.

முதலில் காந்தச் சுருள். 1985-ல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கியது. தலைமேல் வைத்த சுருளில் கண நேரம் மின்சாரம் பாய, ஏறக்குறைய 2 டெஸ்லா வரை எழும் காந்தப்புலம் எலும்பைத் தடையின்றிக் கடந்து, மூளையின் வெளி அடுக்கான புறணியில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. நொடிக்கு ஒரு துடிப்பு அல்லது அதைவிட மெதுவாகக் கொடுத்தால் புறணியின் கிளர்ச்சி தணியும். வேகத்தைக் கூட்டினால் நேர்மாறு. வலிமையில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. வழக்கமான சுருளின் வீச்சு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். வலிப்போ பலருக்கு ஹிப்போகேம்பஸ் போன்ற உட்பகுதியில் கிளம்புகிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தவிர, ஒவ்வொரு அமர்வுக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மின்பட்டை கையடக்கமானது. தலையில் வைத்த இரண்டு ஈரப் பஞ்சுகள் வழியே 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரம், ஏறக்குறைய 20 நிமிடம். வலிப்பு தொடங்கும் இடத்தின் மேல் எதிர்மின்முனையை வைப்பார்கள். இது நரம்பணுக்களை இயக்குவதில்லை. அவற்றின் துள்ளலைச் சற்றே மட்டுப்படுத்தப் பார்க்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி தலைத்தோலோடே போய்விடுவதால் குறி துல்லியமாக இருக்காது.

காது மின்முனை, மூளையிலிருந்து கழுத்து வழியே உடலுக்குள் இறங்கும் வேகஸ் நரம்பின் கிளையைக் காதில் தூண்டுகிறது. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதவர்களுக்கும் பொருந்தும் என்பது இதன் பலம். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

இனி கண்டறிதல். இந்த மூன்றும் வலிப்பை அறியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். மூளையின் மின் அலைகளைப் பதிய, தலைத்தோலில் ஒட்டும் ஈ.ஈ.ஜி. மின்முனைகளில் ஆழத்து வலிப்பு தெரியாமல் போகலாம். மெல்லுவதும் இமைப்பதும் பதிவைக் கலைக்கும். தூண்டல் நடக்கும்போது அதன் இரைச்சலே மூளை அலைகளை மூழ்கடித்துவிடும். மணிக்கட்டுப் பட்டைகள் உடல் வெட்டி இழுக்கும் வலிப்பை உணர்ந்து உறவினரை எச்சரிக்கும், அவ்வளவே.

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்.என்.எஸ். கருவி; ஆனால் அதை மண்டையோட்டுக்குள் பதிக்க வேண்டும். அதன் கணக்கு சுவாரசியமானது: இரண்டு ஆண்டில் வலிப்பு எண்ணிக்கை சராசரியாகப் பாதியளவு குறைந்தது, ஒன்பது ஆண்டில் 75 விழுக்காடு. அந்தந்த வலிப்பை அந்தக் கணமே அணைப்பது மட்டுமே காரணமென்றால், பலன் ஆண்டுக்காண்டு ஏன் ஏற வேண்டும்? நரம்பு வலையமைப்பே மெல்ல மாறுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், வலிப்பைக் கண்டறியாமல் தினமும் தவறாமல் தூண்டுவதும் வீண் வேலையல்ல.

வலிப்பு புறணியின் மேற்பரப்பில் தொடங்குவது உறுதியானால் சுருளையே தேர்வேன். ஆழத்தில் என்றால் மூன்றையும் தள்ளிவைத்து, அறுவை சிகிச்சை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்பேன். எதைத் தேர்ந்தாலும் மாத்திரை தொடரும்.