பார்வையாளர்களின் கைபேசிகளால் உருவாகும் மேடைக் காட்சி: ஒரு சேவை மதிப்புரை

நிகழ்ச்சிக்கு வந்திருப்பவர்களின் கைபேசிகளைக் கொண்டே மேடைத் திரைக்கான காட்சிகளை உருவாக்கும் சேவைகளுள் ஒன்றை, ஓர் இசை நிகழ்ச்சியில் பார்வையாளராக இருந்து பயன்படுத்தினேன். செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் உலாவியில் ஒரு பக்கம் திறக்கிறது. அதில் நாம் விரலால் இழுக்கும் கோடு, மற்றவர்களின் கோடுகளோடு சேர்ந்து மேடைத் திரையில் இசைக்கேற்ப அசைகிறது.

இந்தச் சேவையின் உயிர்நாடி, நம் கோடு எது என்று நாமே அடையாளம் காண முடிவதுதான். இணையும்போது ஒவ்வொருவருக்கும் தனி நிறமும் வடிவமும் தரப்படுவதால், கூட்டம் குறைவாக இருந்த தொடக்கப் பாடல்களில் பலரும் தங்கள் வடிவத்தைத் திரையில் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். ஆனால் ஆட்கள் பெருகியதும் மென்பொருள் தனித்தனிக் கோடுகளைக் கைவிட்டு, எல்லோருடைய அசைவுகளின் சராசரியை மட்டும் காட்டத் தொடங்கியது. அந்த நிலையில் ஒருவர் விரலை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் திரையில் வேறுபாடு தெரிவதில்லை. அதைப் பங்கேற்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தாமதம் அடுத்த குறை. அரங்கு நிறைந்து கைபேசி வலையமைப்பு நெரிசலானபோது, தொடுதலுக்கும் திரை அசைவுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விழுந்தது. இணையமே தேவைப்படாத மாற்று முறையும் உண்டு: மனிதச் செவிக்கு எட்டுவதே அரிதான, 18 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குறிகளை ஒலிபெருக்கி வழியாக அனுப்பி, கைபேசியின் மைக் அவற்றைக் கேட்டதும் அதன் திரையை ஒளிரச் செய்வது. ஆனால் அதற்குச் செயலி வேண்டும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில்தான் செல்வதால், 100 மீட்டர் பின்னால் இருப்பவரின் கைபேசி ஏறக்குறைய 0.3 வினாடி பிந்தி ஒளிரும். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஒருவழிப் பாதை. பார்வையாளர் மேடைக்கு எதையும் திருப்பிச் சொல்ல முடியாது.

யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை இந்தச் சேவை கேட்பதே இல்லை. 2001இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா என்னும் மின்னணுக் கலை விழாவில், பார்வையாளர்களின் கைபேசி மணியொலிகளையே இசையாக்கிய கலைஞர் கோலன் லெவின், எண்களை முன்கூட்டியே பதிவு செய்து இருக்கைகளையும் ஒதுக்கியிருந்தார். அதனால் ஒலி அரங்கின் எந்த மூலையிலிருந்து எழ வேண்டும் என்பதையும் அவரால் தீர்மானிக்க முடிந்தது. இன்று இணையும் பக்கத்தில் வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் கேட்டாலே போதும். அலையொன்று அரங்கின் ஒரு முனையில் எழுந்து மறுமுனைக்குப் பரவுவதுபோல் கைபேசித் திரைகளை ஒளிரச் செய்யலாம்.

ஐபோனில் ஐஓஎஸ் 13 இயங்குதளம் முதல், கைபேசியின் அசைவை அறியும் உணரியைப் பயன்படுத்த இணையப் பக்கம் அனுமதி கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி பாட்டின் நடுவில் திடீரென்று வந்ததால் என் அருகிலிருந்தோர் மறுத்துவிட்டார்கள். இணையும்போதே காரணத்தைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

தனி வைஃபை வசதியுள்ள சிறிய அரங்குகளுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விளையாட்டரங்கம் போன்ற பெருங்கூட்டத்துக்கு இது இன்னும் தயாராகவில்லை. எங்கே பயன்படுத்தினாலும் ஒன்றை உடனே திருத்த வேண்டும். இறுதிப் பாடலில் எல்லாக் கைபேசித் திரைகளும் வெண்ணிறத்தில் மிக விரைவாகச் சிமிட்டின. வலிப்பு நோய் உள்ளவர்களைக் கருதி, வினாடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் சிமிட்டக் கூடாது என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்த வரம்பை நிகழ்ச்சி அமைப்பாளரின் விருப்பத்துக்கு விடாமல், மென்பொருளிலேயே மாற்ற முடியாதபடி பொருத்த வேண்டும்.