துட்டன்காமன் முகமூடியைக் காட்டுவதாகச் சொல்லி 320 டாலர் வாங்கிவிட்டார்கள்: கெய்ரோ போகிறவர்கள் கவனிக்கவும்

கெய்ரோ விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. சுற்றுலா டிக்கெட் விற்கும் இணையதளங்களில் பணம் கட்டப்போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

"எகிப்திய அருங்காட்சியகம்: பாரோவின் பொன்முகமூடி, அரச மம்மிகள், வழிகாட்டியுடன்" என்று விளம்பரம். மேலே பெரிதாக, பாரோ எனப்படும் பழைய எகிப்து மன்னர்களில் ஒருவரான துட்டன்காமனின் முகமூடிப் படம். நீலப் பட்டைகள் ஓடும் தலைத்துணி, நெற்றியில் கழுகும் நாகமும். வேறு எதுவோ என்று யாரும் மயங்கவே முடியாது. நான்கு பேருக்கு 320 டாலர். கட்டுவதற்கு முன் அவர்களுடைய உதவிப் பிரிவில் எழுதிக் கேட்டேன்: "படத்தில் இருக்கும் முகமூடியைப் பார்க்க முடியுமா?" உடனே பதில் வந்தது: "நிச்சயமாக, எல்லாம் இந்த டிக்கெட்டிலேயே அடக்கம்." எழுத்தில் வாக்கு வாங்கிய பிறகுதான் பணம் கட்டினேன். இதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய முடியும்?

எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் தஹ்ரீர் சதுக்கத்தில் உள்ள பழைய இளஞ்சிவப்புக் கட்டடம். 1902இல் திறந்தது. அந்த இடத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். எகிப்தின் ஆரம்பகால மன்னர் நார்மரின் கற்பலகை அங்கேதான் இருக்கிறது. பெரிய பிரமிடைக் கட்டிய குஃபுவுக்கு அங்கே இருப்பது 7.5 சென்டிமீட்டர் தந்தச் சிலை! ஆனால் துட்டன்காமன் அங்கே இல்லை. 1922இல் கண்டுபிடித்த கல்லறையின் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள், முகமூடி உட்பட, கீசா பிரமிடுகளுக்கு அருகே 2025 நவம்பரில் திறந்த மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அரச மம்மிகள் 22ம் அதற்கு முன்பே, 2021 ஏப்ரலில், ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டுவிட்டன. மூன்றும் வெவ்வேறு இடங்கள், தனித்தனி டிக்கெட். விற்கிறவனுக்கு இது தெரியாதா?

தெரியும். வழிகாட்டி எங்களை, தானிஸ் என்ற பழைய நகரில் கிடைத்த புதையல் இருக்கும் அறைக்கு அழைத்துப்போய், "இதோ பொன்முகமூடி" என்று கை காட்டினார். அது முதலாம் சூசெனெஸ் மன்னருடையது. பிரெஞ்சு அகழ்வாய்வாளர் பியர் மோந்தே 1940இல் தோண்டி எடுத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் பேசப்படாமலே போன புதையல். கூடவே வெள்ளியால் ஆன சவப்பெட்டி. வேறு நாளாக இருந்தால் அதன் முன்னால் அசையாமல் நின்றிருப்பேன். "இதில் நீலப் பட்டையே இல்லையே அப்பா" என்றாள் மகள். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மம்மிகள் எங்கே என்றேன். "அதற்கு வேறு டிக்கெட், சார்."

அன்று மாலையே தளத்துக்கு எழுதினேன். காட்சிப்பொருள்களை இடம் மாற்றுவது அருங்காட்சியகத்தின் முடிவு, நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். உங்கள் ஆள் எழுதிக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அதன் படத்தை அனுப்பினேன். வேறொருவர் வந்து, சுற்றுலா முடிந்த பிறகு பணம் திரும்பத் தரும் வழக்கம் இல்லை என்றார். மூன்றாவதாக வந்தவர் சொன்னதுதான் உச்சம்: "விளம்பரத்தில் பாரோவின் பொன்முகமூடி என்றுதான் இருக்கிறது. நீங்கள் பொன்முகமூடி ஒன்றைப் பார்த்தீர்கள் அல்லவா?" படத்தில் இருந்தது யார் முகம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 320 டாலருக்கு ஈடாக, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம்! இவர்களிடம் நான் மறுபடியும் போவேனா? புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடியும்விட்டார்கள். விளம்பரம் இப்போதும் அதே படத்தோடு ஓடுகிறது.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. டிக்கெட்டை அந்தந்த அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். "பாரோ", "பொன்முகமூடி" என்றெல்லாம் பொதுவாக எழுதியிருந்தால் நம்பாதீர்கள். துட்டன்காமன் பெயரும் கீசா என்ற இடமும் தெளிவாக இருக்கவேண்டும். பேசியதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள், நான் கடன் அட்டை வங்கிக்கு அனுப்பிய முறையீடு அதை வைத்துத்தான் நிற்கிறது. இந்த மாதிரித் தளத்திடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால், எப்படி என்று தயவுசெய்து எழுதுங்கள். 320 டாலர் எனக்குச் சின்னத் தொகை அல்ல.