புதிய மருத்துவக் கல்லூரியின் முதல் அணி: பதினான்கு ஆண்டுகள் கழித்து ஓர் அனுபவப் பகிர்வு

மலேசியாவில் என் ஊர்ப்பக்கமான சுங்கை சிப்புட்டில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு யாராவது ஓர் அம்மா என்னைத் தேடி வந்துவிடுவார். “இவன் டாக்டருக்குத்தான் படிப்பேன்னு நிக்கிறான். நீ படிச்ச மாதிரி புது காலேஜுல சேத்து விடலாமாம்மா?” என்பார். பந்தி வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் அதற்கு என்னிடம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். 2011இல் ஒரு தனியார் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் முதல் அணியாகச் சேர்ந்தேன். 2016இல் பட்டம் பெற்றேன். இன்று அரசுக் கிளினிக் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகளில் பலவற்றை அவர்கள் பின்னாளில் சரிசெய்துவிட்டார்கள், தவிரவும் இவை அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரிய குறைகளும் அல்ல.

நான் சேர்ந்த ஆண்டே நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று அரசாங்கத்துக்குத் தோன்றி, 2011 மே மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எங்கள் கல்லூரி அதற்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. புதிய கல்லூரியோ முதல் அணிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துத் தந்தது. அந்தக் கழிவு போகவும் இரண்டரை லட்சம் ரிங்கிட் வந்தது. அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் அதற்குப் போதவில்லை. தோட்டத்து லோரி ஓட்டிய அப்பாவும் செம்பனைக்கு மருந்தடித்த அம்மாவும் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுத்தார்கள், மீதியைச் சிங்கப்பூரில் வேலை செய்த அண்ணன் ஐந்து ஆண்டுகளாக மாதந்தோறும் அனுப்பினார். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் என்னைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டாம்.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. விரிவுரை மண்டபத்தின் குளிர்சாதனம் முதல் நாளே எங்களை நடுங்க வைத்தது. உடற்கூற்றியல் கூடத்தில்தான் சடலம் இல்லை. பிளாஸ்டிக் மாதிரிகளை வைத்து ஏழு மாதம் படித்தோம். மாதிரியில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். கடைசியில் உண்மையான கையைத் திறந்து பார்த்தபோது எல்லாமே ஒரே சாம்பல் பழுப்பாக இருந்ததைக் கண்டு நாற்பத்தெட்டுப் பேரும் திகைத்து நின்றோம். ஆசிரியர்கள் பெரும்பாலும் மியன்மார், இந்தியா, பங்களாதேஷ் ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், ஆனால் தங்கவில்லை. நோயியல் பாடத்துக்கு ஒன்றரை ஆண்டில் மூன்று பேர் மாறினார்கள், ஒவ்வொருவரும் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கினார்கள். அதனால் அழற்சியை மூன்று முறை படித்தோம், புற்றுக்கட்டிகளை அரையும் குறையுமாகத் தாண்டினோம். இன்றும் கட்டிகளின் வகைப்பாட்டில் எனக்குத் தடுமாற்றம் உண்டு.

எங்களை அதிகம் வாட்டியது வேறொன்று. எங்களுக்கு மூத்தவர்கள் யாரும் இல்லை. மருத்துவப் படிப்பில் பாதியைக் கற்றுக்கொடுப்பவர்கள் ஓராண்டு முன்னால் படிப்பவர்கள்தான் என்பது அவர்கள் இல்லாதபோதுதான் புரிந்தது. ஓஸ்கி என்று ஒரு தேர்வு உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் உருவாகி உலகெங்கும் பரவியது. மணி அடிக்க அடிக்க மேசைக்கு மேசை நகர்ந்து, ஓரிடத்தில் நெஞ்சைப் பரிசோதித்து, அடுத்த இடத்தில் நோயாளியிடம் துயரச் செய்தி சொல்லி, இன்னோரிடத்தில் ஊசி போட்டுக் காட்ட வேண்டும். பழைய கல்லூரிகளில் இதை மூத்த மாணவர்கள் விடுதி அறையில் நடித்தே பழக்கிவிடுவார்கள். நாங்களோ முதல் தேர்வில் மணி அடித்ததும் எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டில் வார்டுக்குப் போனதும் நிலைமை தலைகீழானது. மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போலச் சொந்த மருத்துவமனை எங்களுக்கு இல்லை. பல தனியார் கல்லூரிகளைப் போலச் சுகாதார அமைச்சின் மருத்துவமனை ஒன்றைத்தான் பயன்படுத்தினோம். ஆனால் நாங்கள் சிறிய அணி, ஒரு கட்டிலுக்கு நான்கு பேர். நிபுணர் என் கையைப் பிடித்து மண்ணீரல் விளிம்பின்மேல் வைத்துக் காட்டிய நேரம் எந்தப் பழைய கல்லூரியிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த வார்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிகிறது என்று ஐம்பது வயது அம்மா ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். கோலாலம்பூரில் வளர்ந்த என் தோழி தமிழில்தான் விசாரித்தாள். “என்ன செய்றீங்கம்மா?” என்று கேட்டதற்கு, “மருந்துதாம்மா. இருவது வருசமா மருந்துதான்” என்றார் அவர். தோழி அதை அப்படியே ஆங்கிலத்தில், இருபது ஆண்டுகளாக மருந்து உட்கொள்பவர் என்று எழுதிவிட்டாள். மியன்மார்க்காரரான எங்கள் விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையா, ஆஸ்பிரினா என்று துருவ ஆரம்பித்தார். நான் அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். நகங்கள் வெளுத்து, குறுக்கே வரிவிழுந்து, இரண்டு விரல்களில் அடியோடு பெயர்ந்திருந்தன. எங்கள் வீட்டில் நான் தினமும் பார்த்த நகங்கள் அவை. “மருந்தடிக்கிற வேலையாம்மா? முதுகுல பம்ப்பு போட்டா?” என்று கேட்டேன். “ஆமா புள்ள, அதத்தானே சொல்றேன்” என்றார். தோட்டத்தில் மருந்து என்றால் களைக்கொல்லி. பாராகுவாட் பட்டால் நகம் கெடும், அதன் நுண்துளிகள் மூக்கில் ஏறினால் உட்சவ்வு புண்ணாகி இரத்தம் வரும். அந்தப் பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுமையாகத் தடை செய்தது. விரிவுரையாளர் அன்று அரைமணி நேரம் தொழில்வழி நோய்களைப் பற்றியே பேசினார். நாற்பத்தெட்டுப் பேரில் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் மூவர் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிரசவப் பிரிவில் இதற்கு நேர்மாறான கதை. அதே மருத்துவமனையை இன்னொரு கல்லூரியும் பயன்படுத்தியது, தாதிமைப் பயிற்சி மாணவிகளும் இருந்தார்கள். பிறக்கிற குழந்தைகள் குறைவு, ஏந்தக் காத்திருக்கும் கைகள் அதிகம். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்காக இரவு இரண்டு மணிவரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தும், நானே முன்னின்று பார்த்த பிரசவங்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இந்தக் குறை எங்கே போய் இடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இறுதியாண்டில் அங்கீகாரக் கவலை பிடித்துக்கொண்டது. பலர் அறியாத விஷயம் இது: புதிய படிப்புக்கு முதலில் கிடைப்பது தற்காலிக அங்கீகாரம் மட்டுமே, முதல் அணி இறுதியாண்டை எட்டிய பிறகுதான் முழு அங்கீகாரத்துக்கான குழு வந்து பார்க்கும். அதாவது நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி முடித்த பிறகும் நம் பட்டத்தின் தலையெழுத்து எழுதப்பட்டிருக்காது. குழு வருவதற்கு முந்தைய வாரம் நூலகத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகங்கள் வந்து அடுக்கப்பட்டன. எங்களையும் தனியே அழைத்துப் பேசினார்கள்; நான் நோயியல் ஆசிரியர்கள் மாறியதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அன்றிரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். அங்கீகாரம் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி தனியே தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும், அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

பட்டம் பெற்றும், புதிய மருத்துவர்கள் மருத்துவமனையில் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஹவுஸ்மேன் பணிக்கு ஏழு மாதம் வீட்டில் காத்திருந்தேன். 2016 டிசம்பரில் நிரந்தர வேலைக்குப் பதில் ஒப்பந்தத்தில் சேர்க்கும் முறை வந்துவிட்டதால், 2017இல் நான் ஒப்பந்த மருத்துவராகத்தான் சேர்ந்தேன். அந்த முறையால் விளைந்த மனக்குறைதான் 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்களைப் பணியிடங்களிலிருந்து வெளிநடக்க வைத்தது. அதைத் தனியே எழுதலாம். ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு ஆண்டு, ஆறு பிரிவு, பிரிவுக்கு நான்கு மாதம். எந்தக் கல்லூரி என்ற கேள்வியும் அதைத் தொடரும் புருவ உயர்வும் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டன. மருத்துவப் பிரிவில் என் பரிசோதனைக் கையை நிபுணர்கள் பாராட்டினார்கள், நால்வர் கட்டில் தந்த பலன் அது. மகப்பேற்றுப் பிரிவிலோ எனக்கு இரண்டு மாதம் நீட்டிப்பு. உடன் சேர்ந்த பழைய கல்லூரிக்காரர்கள் அனிச்சையாகச் செய்ததை நான் இருபத்தாறு வயதில், அசதியோடும் அவமானத்தோடும், முதலிலிருந்து கற்றுக்கொண்டேன்.

ஆகவே கேட்டு வருபவர்களிடம் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறேன். முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, துறைத் தலைவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள், பயிற்சி மருத்துவமனையை வேறு யார் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, காலை எட்டரை மணிக்கு வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை வெள்ளை அங்கிகள் நிற்கின்றன என்று யாரையாவது விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் இதை அப்படியே செய்துவிட்டான். அவன் சேர நினைத்த கல்லூரியின் மாணவர்கள் போகும் மருத்துவமனையில் அவனுடைய சித்தி தாதியாக இருக்கிறார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, சித்தி எண்ணிட்டாங்க, பதினாலு பேரு” என்றான். விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லையாம்.